பஞ்சாலை நகரமும் காஸ்கெல் அம்மையாரின் நாவல்களும்

நாவலாசிரியர் ஒருவரின் வாழ்க்கையை ஆராயப் புகுவோர், அவருக்கு எழுதும் அருட்டுணர்வு எங்கிருந்து பிறந்தது என்னும் வினாவை முதலில் எழுப்புவது வழக்கம். இதற்குப் பெரும்பாலும் இருவகை விடைகள் கூறப்படுகின்றன. அதனைத் தெய்வ அருளென்பர் சிலர். சொந்த வாழ்வின் துயரமென்பர் வேறு சிலர். இரு விடைகளுமே எழுத்தாளரை அவர் வாழ்ந்த ஊரிலிருந்தும் காலத்திலிருந்தும் பிரித்துவிடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த எலிசபெத் காஸ்கெல் அம்மையாரின் எழுத்து வாழ்க்கையை நோக்குமிடத்து இவ்விடைகளின் போதாமை நன்கு புலப்படும். சொந்தத் துயரமே அவர் கையிற் பேனாவைக் கொடுத்தது என்பது உண்மை. ஆயினும் அப்பேனா எழுதியது மன்செஸ்ரர் நகரத்து ஆலைத் தொழிலாளரின் கதையை. தன் வீட்டுத் துயரத்திலிருந்து தொழிலாளியின் குடிசைவரை அவர் எவ்வாறு நடந்து சென்றார், எவ்விடத்தில் மேலே செல்ல இயலாது நின்றார் என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

அம்மையார் 1810ஆம் ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி இலண்டனிற் பிறந்தார். மறு ஆண்டிலேயே தாயை இழந்தமையால், செஷயரிலுள்ள நட்ஸ்போர்ட் என்னும் சிற்றூரில் தாயின் தமக்கையாரிடம் வளர்ந்தார். பிற்காலத்தில் 'கிரன்போர்ட்' என்னும் நூலில் அவர் சித்திரித்த அமைதியான ஊர் இதுவே. 1832இல் வில்லியம் காஸ்கெல் என்பாரை மணந்தார். கணவர் யுனிற்றேரியன் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். மன்செஸ்ரர் குறொஸ் வீதித் தேவாலயத்தின் போதகர். ஊரமைதியிற் பழகிய இளம்பெண், இருபத்தோராவது வயதில், உலகிலேயே முதலாவது பெரும் பஞ்சாலை நகரத்துக்குக் குடிபுகுந்தார்.

அந்நகரம் எத்தகையது? 1801இல் ஏறத்தாழ 70,000 மக்கள் வாழ்ந்த இடத்தில் 1851இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்தனர். கீழைநாடுகளின் கைத்தறிகளை வீழ்த்திய புடைவை இங்குதான் நெய்யப்பட்டது. அதனை நெய்தவரின் நிலையை எட்வின் சட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கை எடுத்துரைத்தது. மன்செஸ்ரரில் இறந்த கனவான்களினதும் உயர்தொழிலோரினதும் சராசரி வயது 38. தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 17. பிள்ளைச் சாவுகளே இவ்வெண்ணை இத்துணை தாழ்த்தின. அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த இரு வர்க்கங்களுக்கிடையில் ஆயுளிலேயே ஒன்றுக்கு இரண்டு என்னும் வேறுபாடு இருந்தது.

போதகரின் மனைவி என்ற முறையில் அம்மையார் ஏழைகளின் வீடுகளுக்குள் நுழைய நேர்ந்தது. ஞாயிற்றுப் பாடசாலையில் ஆலைச் சிறுமிகளுக்குக் கற்பித்தார். நோயுற்றோரைச் சென்று பார்த்தார். கணவரோ எளியோரின் கவிதைகளைப் பற்றித் தொழிலாளரிடையே விரிவுரை நிகழ்த்தியவர். லங்காஷயர் மக்களின் பேச்சுமொழியை ஆராய்ந்தவர். 1837இல் இருவரும் சேர்ந்து எழுதிய, ஏழைகளைப் பற்றிய ஒரு கவிதை சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. 1847இல் அம்மையார் தொழிலாளப் பெண்ணொருத்தியின் கதையை ஆணின் புனைபெயரில் வெளியிட்டார். 'கொற்றன் மாதர் மில்ஸ்' என்ற அப்பெயரில் பருத்தியும் ஆலையும் சேர்ந்தே ஒலித்தன. ஆகவே முதல் நாவலை எழுதத் தொடங்குமுன்னரே பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம் அவருக்கு அம்மக்களோடு இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1845இல் அவருடைய ஒரே ஆண்மகவு, ஒரு வயது நிரம்புமுன், செங்காய்ச்சலால் இறந்தது. துயரத்திலிருந்து மீளும்பொருட்டு நீண்ட கதையொன்றை எழுதுமாறு கணவர் தூண்டினார். கடந்த நூற்றாண்டின் நாட்டுப்புறக் கதையொன்றையே அவர் முதலில் தொடங்கியிருந்தார். ஆயின், நாள்தோறும் தெருவில் தம்மை இடித்துக்கொண்டு செல்லும் மனிதரின் வாழ்வில் எத்தகைய ஆழ்ந்த கதை இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழவே, அதனைக் கைவிட்டார். இச்செய்தியை அவரே தம் நாவலின் முன்னுரையிற் கூறுகின்றார்.

1848 ஒக்ரோபரில் 'மேரி பார்ட்டன்' ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதன் தொடக்கத்திலுள்ள ஒரு நிகழ்ச்சி நம் கவனத்துக்குரியது. ஜோன் பார்ட்டன் என்னும் ஆலைத் தொழிலாளி வேலை இழந்து நிற்கின்றான். அவனுடைய சிறு மகன் செங்காய்ச்சலிலிருந்து மெல்ல மீளுங் காலம் அது. உயிர் தங்குவதற்கு நல்லுணவு வேண்டும், வாங்குவதற்குக் காசில்லை. உணவுப்பண்டங்கள் நிறைந்த கடையின் முன் அவன் நிற்கையில், அவனை வேலையினின்று நீக்கிய முதலாளியின் மனைவி விருந்துக்கான பொருள்களை வாங்கிக்கொண்டு வெளியே வருகின்றாள். பார்ட்டன் வீடு திரும்பும்போது மகன் இறந்து கிடக்கின்றான்.

அம்மையாரின் மகனைக் கொண்டுபோனதும் அதே நோய். எனினும் அவர் வீட்டில் உணவுக்குக் குறைவில்லை, மருத்துவத்துக்கும் குறைவில்லை. பார்ட்டனின் மகனைக் கொன்றது நோயன்று, பசியே. தம் துயரத்தைத் தொழிலாளியின் வீட்டுக்குள் எடுத்துச் சென்றபோது, இரு சாவுகளுக்குமுள்ள இந்த வேறுபாட்டை அவர் கண்டுகொண்டார். வெறும் இரக்கத்தோடு நிற்கும் எழுத்தாளர், எல்லாத் தாய்மாரின் கண்ணீரும் ஒன்றே என்று எழுதி முடித்திருப்பார். காஸ்கெல் அம்மையார் அவ்வாறு எழுதவில்லை என்பதிலேதான் அவருடைய பெருமை தங்கியுள்ளது.

நாவலின் பிறிதோரிடத்தில், நிலவறையொன்றில் ஈரத்தரையிற் காய்ச்சலோடு கிடக்கும் தொழிலாளிக்காக நண்பனொருவன் முதலாளியின் மாளிகைக்குச் செல்கின்றான். மூன்று ஆண்டுகளுக்கு மேல் தம் ஆலையில் உழைத்தவனின் பெயரே முதலாளிக்குத் தெரியவில்லை. இதற்கிடையில் பார்ட்டன் தன் மேலங்கியை அடகுவைத்து அக்குடும்பத்துக்கு உணவு வாங்குகின்றான். ஏழைக்கு உதவுபவன் ஏழையே என்பதை அம்மையார் போதனையாகக் கூறாமல், அடகுக்கடைக் கணக்காகக் காட்டிவிடுகின்றார். பாத்திரங்களின் பேச்சும் லங்காஷயர் வழக்கிலேயே அமைந்தது. அருஞ்சொற்களுக்குக் கணவர் குறிப்பு எழுதினார்.

அதே நகரத்தின் அதே தெருக்களில், 1842 இறுதி முதல் 1844 வரை, இளைஞரான பிரெடரிக் எங்கெல்ஸ் நடந்து திரிந்தார். இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் நிலை பற்றிய அவருடைய நூல் 1845இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்போ 1887இல், அம்மையார் இறந்து இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னரே, அச்சேறிற்று. நிலவறைகளும், கழிவுநீர் தேங்கிய முற்றங்களும், வேலையற்றோரின் பசியும் இரு நூல்களிலும் ஒத்துக் காணப்படுகின்றன. ஆலையுரிமையாளர் குடும்பத்து மைந்தர் ஒருவரும் போதகரின் மனைவியார் ஒருவரும் வெவ்வேறு வாயில்களால் உள்ளே புகுந்து ஒரே உண்மையைக் கண்டனர். அவ்வுண்மைக்கு அவர்கள் கூறிய பரிகாரங்களே வேறுபட்டன.

நூல் வெளிவந்ததும் மன்செஸ்ரரின் செல்வர் பலர் சினங்கொண்டனர். அவர்களுட் சிலர் அம்மையாரின் கணவருடைய சபையினர். முதலாளிமாருக்கு அநீதி இழைக்கப்பட்டதென்று நகரப் பத்திரிகை குறைகூறிற்று. ஆலையுடைமைக் குடும்பத்தைச் சேர்ந்த டபிள்யூ. ஆர். கிரெக் 1849இல் நீண்ட கண்டனமொன்றை வரைந்தார். தொழிலாளர் சிக்கனமாக வாழ்ந்திருந்தால் பஞ்சகாலத்தைத் தாங்கியிருப்பர் என்பது அவர் வாதத்தின் சாரம். பதினேழு வயதைச் சராசரி ஆயுளாகக் கொண்ட மக்களுக்குச் சேமிப்பைப் போதித்த இவ்வறிவுரையைப் பற்றி நாம் வேறெதுவும் கூறவேண்டியதில்லை.

எனினும் நாவலின் குறைபாட்டை மறைப்பதும் நேர்மையாகாது. நூலுக்கு 'ஜோன் பார்ட்டன்' என்று பெயரிடவே அம்மையார் எண்ணியிருந்தார். தொழிலாளியே தம் கதாநாயகன் என்று கடிதத்திலும் எழுதினார். பதிப்பாளரின் விருப்பப்படி மகளின் பெயர் தலைப்பாயிற்று. பெயர் மாற்றம் வெளித்தோற்றமே; உள்ளேயும் ஒரு மாற்றம் நிகழ்ந்துள்ளது. 1839இல் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட சாசன இயக்கத்தினரின் மனுவைப் பாராளுமன்றம் 235 வாக்குகளுக்கு 46 என்ற கணக்கில் ஏற்க மறுத்தது. அம்மனுவோடு இலண்டன் சென்று வெறுங்கையோடு திரும்பியவருள் ஒருவனாக பார்ட்டன் காட்டப்படுகின்றான். இதுவரை வரலாறு நாவலின் உடலாகவே இயங்குகின்றது. இதன்பின் தொழிற்சங்கத்தார் சீட்டுப்போட்டு முதலாளியின் மகனைக் கொல்லத் துணிகின்றனர். சீட்டு பார்ட்டனுக்கு விழுகின்றது. அதுமுதல் கதை மகளின் காதலையும் நீதிமன்றத்தையும் சுற்றிச் சுழல்கின்றது. முடிவில், மகனை இழந்த முதலாளியின் கரங்களில் பார்ட்டன் மன்னிப்புப் பெற்று இறக்கின்றான்; இளையோர் கனடாவுக்குக் கப்பலேறுகின்றனர்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1958இல் வெளியிட்ட நூலில் இதனை நுட்பமாக ஆராய்ந்தார். அக்கொலை தொழிலாளரின் வழமையான அனுபவத்திலிருந்து பிறந்ததன்று. நடுத்தர வர்க்கத்தின் அச்சமே அவ்வாறு உருவம் பெற்றது என்பது அவர் கருத்து. நாமும் இதனை ஏற்கின்றோம். பசித்தவனின் பக்கத்தில் அமர்ந்த அம்மையாரால், பசித்தவர்கள் கூடிச் சங்கம் அமைத்தபோது அவர்களின் பக்கத்தில் அமர இயலவில்லை.

ஆனால் அவர் அவ்விடத்திலேயே நின்றுவிடவில்லை. 1850 தொடக்கத்தில் சிறையொன்றிற் கண்ட பதினாறு வயது அநாதைப் பெண்ணின் மறுவாழ்வுக்காக அவர் சார்ள்ஸ் டிக்கன்ஸின் உதவியை நாடினார். தையற்காரியிடம் வேலை பழகச் சென்று, ஒருவனாற் கெடுக்கப்பட்டுச் சிறைவரை வந்தவள் அவள். அத்தகைய பெண்ணொருத்தியின் கதையே 1853இல் 'றூத்' என்னும் நாவலாயிற்று. கணவரின் சபையினர் இருவர் அந்நூலைத் தீயிட்டனர். 1854 ஓகஸ்டில் கார்ல் மார்க்ஸ் நியூயோர்க் பத்திரிகையொன்றில் இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்தைப் பற்றி எழுதினார். டிக்கன்ஸ், தாக்கரே, சார்லொட் புரொன்ரே ஆகியோரோடு காஸ்கெல் அம்மையாரையும் பெயர்சுட்டிய அவர், தொழில்முறை அரசியல்வாதிகளும் அறநூலாரும் கூறியதிலும் அதிகமான சமுதாய உண்மைகளை இவர்கள் உலகுக்கு உரைத்துள்ளனர் என்று பாராட்டினார்.

1853 முதல் 1854 வரை பிரெஸ்ரன் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர் பத்து வீத ஊதிய உயர்வு கோரிப் போராடினர். முதலாளிமார் கதவடைத்தனர்; ஏழு மாதங்களுக்கு மேல் நீடித்த போராட்டம் தோல்வியில் முடிந்தது. இப்பின்னணியில் 1854 செப்டெம்பரில் டிக்கன்ஸின் வாரப் பத்திரிகையில் 'வடக்கும் தெற்கும்' தொடங்கிற்று. இதில் வரும் நிக்கலஸ் ஹிக்கின்ஸ் சங்கத்தைச் சார்ந்தவன், கொலைகாரனல்லன். தான் ஏன் வேலைநிறுத்தம் செய்கின்றான் என்பதை முதலாளியின் முன்னிலையில் வாதிடக்கூடியவன்; வன்முறையைச் சங்கமே விலக்கியதை எடுத்துரைப்பவன். ஆறு ஆண்டுகளில் எழுத்தாளர் கற்ற பாடம் இது. அவன் மகள் பெசி, பஞ்சுத்துகள் நுரையீரலில் நிறைந்து சாகின்றாள். துகளை வெளியேற்றும் சக்கரத்துக்கு ஐந்நூறு அறுநூறு பவுண் செலவாகும், அதனால் இலாபமில்லை, எனவே அதனைப் பொருத்திய முதலாளிமார் சிலரே என்று அவள் கூறுகின்றாள். துகளை விழுங்கிப் பழகிய தொழிலாளர் சிலரோ, சக்கரம் வந்தால் பசி கூடுமென்று அதனை விரும்புவதில்லையாம். வறுமை மனிதரின் அறிவை எவ்வளவு வளைத்துவிடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்றைக் காண்பது அரிது. கதையின் முடிவு மட்டும் பழையபடி முதலாளியும் தொழிலாளியும் இணங்குவதாகவே அமைந்துள்ளது.

இவ்வளவையும் அவர் எந்நிலையிலிருந்து எழுதினார் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. நான்கு பெண் மக்களை வளர்த்துக்கொண்டு, விருந்தினரும் வேலையாட்களும் ஓயாது நடமாடும் உணவுக்கூடத்து மேசையில் அவர் எழுதினார். 1850இல் ஒரு கதைக்கு இருபது பவுண் கிடைத்தபோது, கணவர் அதனை அமைதியாகத் தம் சட்டைப்பையிற் போட்டுப் பொத்தானிட்டுக்கொண்டதை நகைச்சுவையோடு கடிதமொன்றிற் குறிப்பிட்டார். மனைவியின் உழைப்பூதியம் அவளுக்கே உரியதென்னும் சட்டம் 1870இலேதான் இங்கிலாந்தில் நிறைவேறிற்று. உழைப்பவனுக்கும் உழைப்பின் பயனுக்கும் இடையிலுள்ள பிரிவைப் பற்றி எழுதிய கை, தானும் அத்தகைய பிரிவுக்கு உட்பட்டிருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பருத்தி வரத்து நின்று ஆலைகள் மூடப்பட்ட காலத்தில், 1862இல், அவரும் புதல்வியரும் நிவாரணப் பணியில் ஓய்வின்றி ஈடுபட்டனர். 1865 நவம்பர் 12ஆம் திகதி, தொடர்கதையொன்றின் இறுதிப் பகுதி எஞ்சியிருக்க, ஐம்பத்தைந்தாவது வயதில் அவர் காலமானார். மன்செஸ்ரரில் அவர் வாழ்ந்த இல்லம் புதுப்பிக்கப்பெற்று 2014இல் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது.

அம்மையாரை முதலாளித்துவ இரக்கத்தின் எழுத்தாளர் என்று ஒதுக்குவோரும் உளர். அவருடைய சமரசமே மனிதகுலத்துக்கு வழி என்று போற்றுவோரும் உளர். இரு சாராரும் நூல்களை முழுமையாகப் படித்தவரல்லர் என்றே கூறவேண்டும். நாவலின் முடிவை ஆசிரியரின் விருப்பம் தீர்மானிக்கலாம். அதன் நடுவிலுள்ள நிலவறையையும், அடகுக்கடையையும், பொருத்தப்படாத சக்கரத்தையும் அவர் கண்ணாரக் கண்ட வாழ்வே தீர்மானித்தது. அவருடைய எழுத்தை உண்மையாக்கியது, எழுதுமுன் பத்தாண்டுகள் அவர் ஏறியிறங்கிய வீடுகளின் படிகளே. வகுப்பறையில் இந்நாவல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், முடிவின் மன்னிப்பை விளக்குமுன், ஜோன் பார்ட்டன் கடைவாயிலில் நின்ற அந்தச் சில நிமிடங்களை மாணவர்க்கு நிதானமாகப் படித்துக் காட்டுவார்களாக. மன்னிக்கவேண்டியவர் யார், மன்னிப்புக் கேட்கவேண்டியவர் யார் என்னும் வினாவை மாணவரே எழுப்பிக்கொள்வர்.