தெல்லிப்பழையும் திறைசேரியும்

வரிச்சுமை மிகையா, குறைவா என்ற விவாதம் சட்டநிரூபண சபைக் காலந்தொட்டு இன்றுவரை இலங்கையில் ஓய்ந்ததில்லை. கொழும்பில் நிகழ்ந்த அவ்விவாதம் ஒரு கிராமத்தின் வாழ்வில் எவ்வாறு பிரதிபலித்தது என்பதோ அதிகம் பேசப்படுவதில்லை. யாழ்ப்பாணம் - காங்கேசன்துறை வீதியில் அமைந்துள்ள தெல்லிப்பழை அத்தகைய ஆய்வுக்கு உகந்த ஓர் ஊர். இரு நூற்றாண்டுகளாக அங்கு எழுந்த பொது நிறுவனங்கள் பலவற்றைத் தொடக்கிவைத்தது நன்கொடை. அவற்றை நிலைபெறச் செய்தது வரிப்பணம். அவ்வரியைக் கொடுத்தவர் யார், பயனைத் துய்த்தவர் யார் என்னும் வினாக்களே இங்கு நோக்கத்தக்கன.

ஒல்லாந்தர் ஆட்சியில் குடாநாட்டு மக்கள் தலைவரி செலுத்தினர், ஊழியமும் செய்தனர். ஆங்கிலேயர் ஊழியத்தை ஒழித்தனராயினும் அதன் சாயல் முற்றாக மறையவில்லை. தேசாதிபதி டொரிங்டன் காலத்தில், 1848 இல் நிறைவேறிய வீதிச் சட்டம், 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. காணியுடையவனுக்கும் கூலியாளுக்கும் அதே ஆறு நாட்கள்! அவ்வாண்டில் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரிகள் விதிக்கப்பட்டமை மாத்தளை, குருநாகல் பகுதிகளிற் கிளர்ச்சிக்கு வழிகோலியது யாவரும் அறிந்ததே.

நெல்வரியின் கதை இதனினும் சிக்கலானது. விளைவிற் பத்திலொன்று என்ற பழைய அடிப்படையில் அமைந்த இவ்வரியைச் செலுத்த இயலாது, 1880 களில் வலப்பனைப் பகுதி விவசாயிகள் பலர் தம் வயல்களை இழந்தனர். நீண்ட வாதப்பிரதிவாதங்களின் பின் ஹவ்லொக் தேசாதிபதியாயிருந்தபோது, 1893 தை முதலாந் திகதியுடன் அது நீக்கப்பட்டது. எனினும் இறக்குமதி அரிசிக்கான தீர்வையும் உப்பின் மீதான அரசாங்க ஏகபோகமும் தொடர்ந்தன. தெல்லிப்பழையோ கிணற்று நீரிறைத்துத் தோட்டம் செய்யும் செம்மண் பூமி. அரிசியை விலைக்கு வாங்கியுண்ட தோட்டக் கூலியாளுக்கு நெல்வரி நீக்கத்தாற் கிடைத்த ஆறுதல் சொற்பமே. நாய்வரியைக் கண்டு கொதித்த நாடு, சோற்றோடு கலந்துண்ட உப்பின் வரியை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத வரியே ஆள்வோருக்கு வசதியான வரி.

இவ்வாறு திரண்ட வருவாயில் ஒரு பகுதி கல்வியின் வடிவில் தெல்லிப்பழைக்குத் திரும்பியது. 1816 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் பூர், எட்வர்ட் வாரன் ஆகியோர் அங்குள்ள பழைய தேவாலயத்தைத் தம் நிலையமாகக் கொண்டு கல்விப் பணியைத் தொடங்கினர். தொடக்கத்தில் அதற்கான பணம் அமெரிக்கத் திருச்சபையாரின் காணிக்கையிலிருந்து வந்தது. 1869 இல் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின் உதவி நன்கொடை முறை விரிவடைந்தது. பரிசோதகர் முன்னிலையில் மாணவர் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் காட்டும் பெறுபேற்றிற்கேற்பப் பாடசாலைக்குப் பணம் வழங்கப்பட்டது. பரிசோதனை நாளன்று பிள்ளையொன்று கணக்கிற் தவறினால் முகாமையாளரின் வருவாய் குறைந்தது!

இங்குதான் சைவ இயக்கத்தாரின் நியாயமான முறைப்பாடு எழுகிறது. சைவரும் வரி செலுத்தினர். ஆயின் அவ்வரியால் வளர்ந்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷன்களின் கையில் இருந்தன. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய பாடசாலை நெடுங்காலம் அரசாங்க உதவியின்றியே நடைபெற்றது. தெல்லிப்பழையிற் பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் நிறுவிய மகாஜனாவும் ஊரவர் ஆதரவில் முளைத்ததே. வரி கொடுத்தோர் தம் பிள்ளைகளுக்காக மீண்டும் நன்கொடையும் கொடுக்கவேண்டியிருந்தது.

ஆயினும் இம்முறைப்பாட்டை எழுப்பிய சமூகமே மற்றொரு முறைப்பாட்டுக்குச் செவிசாய்க்க மறுத்தமை மறைக்கத்தக்கதன்று. தாழ்த்தப்பட்ட சாதியினரும் அரிசித் தீர்வையையும் உப்பின் விலையையும் குறைவின்றிச் செலுத்தினர். அவர்தம் பிள்ளைகளோ பல பாடசாலைகளுள் அனுமதிக்கப்படவில்லை; அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் வாங்கில் அமரவிடாது நிலத்தில் இருத்தப்பட்டனர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென 1929 அளவில் அரசாங்கம் பணித்தபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்புத் தோன்றியது. சில பாடசாலைகள் எரியூட்டவும் பட்டன. வரி அறவிடும்போது சாதி பாராத சமூகம், வாங்கிற் சாதி பார்த்தது.

செல்வரின் வருவாயை நேரடியாகத் தொட்ட வருமானவரி 1932 இலேயே சட்டமாயிற்று. அதுவும் பலத்த எதிர்ப்பின் மத்தியில். அரசாங்க சபையிற் கல்வி மந்திரி கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வி 1945 ஐப்பசியில் நடைமுறைக்கு வந்தது. இத்துணைச் செலவை நாடு தாங்குமா என்ற ஐயம் அன்று பலமாக எழுந்தது. 1960 களின் தொடக்கத்திற் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதையடுத்து, மிஷன் வழிவந்த யூனியன் கல்லூரியும் சைவ மரபில் எழுந்த மகாஜனாக் கல்லூரியும் ஒரே திறைசேரியின் கீழ் வந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நீடித்த 'எவர் வரி எவர் பள்ளிக்கு' என்ற பிணக்கு இதனால் அடங்கியது. முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கேற்பப் பிள்ளைகளைச் சேர்த்த நிலையும் பெருமளவு தளர்ந்தது. இலவசக் கல்வியை வெறும் செலவினமாக மட்டும் கணிப்போர் இதனைக் கருதுவதில்லை.

நன்கொடையும் வரியும் தெல்லிப்பழையில் மீண்டும் சந்தித்தன. 1990 இல் இடம்பெயர்ந்த மக்கள் போருக்குப் பின் படிப்படியாகத் திரும்பிவந்த வேளையில், தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011 இல் நிகழ்ந்த நடைபயணத்தின் மூலம் நிதி திரட்டப்பட்டு, அங்கு புற்றுநோய் வைத்தியசாலை அமைக்கப்பட்டது. 2013 இல் அது திறக்கப்பட்டது. கட்டடத்தைத் தந்தது கொடையாளரின் பணம். வைத்தியர்க்கும் தாதியர்க்கும் வேதனம் தருவது அரசாங்கம். அது ஆண்டுதோறும் தீராத செலவு.

2019 மார்கழியிற் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டபோது வரவேற்றவர் பலர். அரசிறை வீழ்ந்தது. அதுவும் ஒரு காரணமாக, 2022 சித்திரையில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. அவ்வாண்டில் வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு நிலவியது. 2024 தை முதல் அவ்வரி நூற்றுக்கு 18 ஆயிற்று. தெல்லிப்பழைத் தோட்டமொன்றிற் கூலிக்கு நிற்பவர் வாங்கும் சவர்க்காரத்திலும், அத்தோட்டத்தின் உரிமையாளர் வாங்கும் சவர்க்காரத்திலும் அடங்கியிருப்பது அதே பதினெட்டுத்தான்.