மூளை வளர்ந்தால் எது வளர்கிறது?

வீட்டில் ஒரு முதியவரை எம்ஆர்ஐ படம் எடுக்க அழைத்துச் செல்கிறோம். "மூளை சற்றுச் சுருங்கியிருக்கிறது" என்கிறார் மருத்துவர். நாம் வீடு திரும்புவதற்குள் அது, "மூளை அணுக்கள் செத்துவிட்டன" என்று மாறிவிடுகிறது. இன்னொரு பக்கம், பிள்ளைகளின் மூளையை வளர்த்துத் தருவதாக விளம்பரங்கள் வருகின்றன. இரண்டிலும் தவறு ஒன்றுதான். மூளையின் அளவைப் பார்த்து அணுக்களின் எண்ணிக்கையை முடிவு செய்துவிடுகிறோம்.

இந்தக் கேள்வி எம்ஆர்ஐ கருவிக்கு முன்பே எழுந்தது. 1960களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் மார்க் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்ட் முதலியோர் சில எலிகளை விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த பெரிய கூண்டிலும், சிலவற்றை வெறும் கூண்டில் தனித்தனியாகவும் வளர்த்தார்கள். விளையாடிய எலிகளின் மூளைப் புறணி தடித்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது நரம்பணுக்கள் முன்பைவிட விலகி நின்றன. அவற்றுக்கிடையே கிளைகளும் துணை அணுக்களும் பெருகியிருந்தன. குடியிருப்போர் கூடவில்லை, வீடுதான் விரிந்திருந்தது.

மனிதரின் மூளையை அப்படி வெட்டிப் பார்க்க முடியாது. எம்ஆர்ஐ வந்த பிறகே வழி பிறந்தது. 2000ஆம் ஆண்டில் எலினார் மெகுவைர் குழுவினர் லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் 16 பேரைப் படமெடுத்தனர். இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்புறம் அவர்களிடம் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள்தாம் ஓட்டுநர் ஆனார்களோ? 2011ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு விடை தந்தது. பயிற்சிக்கு வந்த 79 பேரில் தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டுமே அந்த வளர்ச்சி தெரிந்தது.

இதற்கிடையே 2004ஆம் ஆண்டில் ஜெர்மனியில் சிலருக்கு மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை மூன்று மாதம் கற்றுக்கொடுத்தனர். மூளையின் ஒரு பகுதி பெருத்தது. பயிற்சியை விட்டதும் குறைந்தது. அப்படியானால், பெருத்தது எது?

எம்ஆர்ஐ படத்தின் ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் நரம்பணுக்கள் அடங்கிவிடும். அது அணுக்களை எண்ணுவதில்லை. 2011ஆம் ஆண்டில் டொரொண்டோவில் ஜேசன் லெர்ச் குழுவினர் சுண்டெலிகளுக்கு ஐந்து நாள் நீரில் வழி கண்டுபிடிக்கப் பழக்கினர். படத்தில் தெரிந்த வளர்ச்சி, நரம்பிழைகள் புதிதாகக் கிளைப்பதைக் காட்டும் புரதத்தோடு பொருந்தியது, நரம்பணுக்களின் எண்ணிக்கையோடு அல்ல. வயது வந்த மனிதரிடம் புதிய நரம்பணுக்கள் பிறக்கின்றன என்று 1998ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறியது. 2018ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக முடிவு சொல்லின. அந்த விவாதம் தனி.

சுருக்கத்துக்கும் இதே பாடம்தான். 1997ஆம் ஆண்டில் டென்மார்க்கில் 94 பேரின் மூளைகளை எண்ணிப் பார்த்தனர். 20 வயது முதல் 90 வயது வரை புறணியில் குறையும் நரம்பணுக்கள் சுமார் 10 விழுக்காடுதான். மதுவால் சுருங்கிய மூளை, மதுவை விட்டதும் ஓரளவு மீள்வதும் உண்டு. செத்த அணுக்கள் எழுந்து வந்தா அது நடக்கிறது?

எனினும், முதுமை மறதி நோயில் நரம்பணுக்கள் உண்மையிலேயே அழிகின்றன. ஆகவே படத்தை அலட்சியம் செய்யவும் கூடாது. எந்தப் பகுதி சுருங்கியுள்ளது, வயதுக்கு மீறியதா, எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். "சுருங்கிவிட்டது" என்ற ஒரே சொல்லை வைத்து உங்கள் வீட்டுப் பெரியவரை ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள்.