ஐம்பது வரி ஸ்கிரிப்ட்டும் அதன் மூட்டையும்

மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். தினமும் நான் புழங்குகிற ஒரு விஷயத்தின் வரலாற்றையே எழுதுகிறேன்.

சிவில், மெக்கானிக்கல் என்று எந்தத் துறையானாலும் இன்று நாம் எல்லோரும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. பிறர் எழுதி வைத்த லைப்ரரிகளைத் துணைக்குக் கூப்பிட்டுக் கொள்கிறோம். இந்தப் பழக்கம் பழசு.

1949 மே 6-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் எட்சாக் கம்ப்யூட்டர் தன் முதல் புரோகிராமை ஓட்டியது. வில்க்ஸ், வீலர், கில் ஆகியோர் அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களாக அலமாரியில் சேர்த்து வைத்தார்கள். 1951-க்குள் 87 சேர்ந்துவிட்டன. வேண்டியதைத் தன் புரோகிராம் நாடாவிலேயே நகல் எடுத்துக் கொள்ள வேண்டும். அதனால் நாடாவை யாரிடம் கொடுத்தாலும் அது முழுசாக இருக்கும்.

பிற்காலத்தில் லைப்ரரி தனி, புரோகிராம் தனி என்றாயிற்று. 1995-ல் பெர்ல் மொழிக்கு சீபேன், 2003-ல் பைத்தானுக்குப் பைபிஐ என்று களஞ்சியங்கள் வந்தன. 2008-ல் வந்த 'பிப்' ஒரே கட்டளையில் லைப்ரரியை இறக்கிக் கொடுத்தது. வசதிதான். ஆனால் எதை இறக்கினோம் என்பது ஸ்கிரிப்ட்டில் சரியாக இருக்காது. 'சிவி2' என்று ஸ்கிரிப்ட்டில் அழைப்பதைக் களஞ்சியத்தில் 'ஓப்பன்சிவி-பைத்தான்' என்று தேட வேண்டும். பதிப்பு எண்ணோ எழுதினவர் மண்டைக்குள்!

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பதிவுகளை அலசும் ஐம்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. எழுதியவர் ரிடையர் ஆகிவிட்டார். கம்ப்யூட்டரை மாற்றியதும் அது ஓடவில்லை. எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு இரண்டு நாள் போச்சு. ஸ்கிரிப்ட்டில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

இதற்கு மருந்து தேடியவர்கள் உண்டு. 2007-ல் வந்த 'வெர்ச்சுவல்என்வ்' ஒவ்வொரு வேலைக்கும் தனி லைப்ரரி அறை கட்டிக் கொடுத்தது. ஐம்பது வரிக்குத் தனி அறையா என்று பலரும் விட்டுவிட்டார்கள். 2009-ல் குரூவி மொழி, தேவையானதை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே குறிக்க வழி செய்தது. பைத்தானில் 2023-ல் 722, 723 என்ற எண்களில் இரண்டு முன்மொழிவுகள் போட்டியிட்டன, 723 ஏற்கப்பட்டது. அதன்படி தேவையான லைப்ரரிகளையும் பதிப்புகளையும் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே கமென்ட்டாக எழுதிவிடலாம். 2024-ல் வந்த 'யூவி' போன்ற கருவிகள் அதைப் படித்துத் தாமே ஏற்பாடு செய்துகொள்கின்றன.

இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. எட்சாக் நாடாவில் சரக்கே கூட வந்தது. நம்மிடம் இருப்பது வெறும் சீட்டு. சரக்கு அடுத்தவர் கடையில். 2016-ல் 'லெஃப்ட்பேட்' என்ற பதினோரு வரி லைப்ரரியை எழுதினவரே திரும்ப எடுத்துக்கொண்டதும், அதை நம்பியிருந்த எத்தனையோ வேலைகள் நின்று போயின.

ஆகவே ஜூனியர்களே, உங்கள் ஸ்கிரிப்ட்டின் தலையில் லைப்ரரியின் பெயரையும் பதிப்பையும் எழுதி வையுங்கள். முக்கியமானது என்றால் லைப்ரரியின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிறவர் நம் கல்லூரிப் பிள்ளையாகவே இருக்கலாம்!