கோடும் வட்டமும் நடித்த திரை

கி.பி. 1921 ஏப்ரல் 27ஆம் நாள் பெர்லின் நகரத்து மார்மர்ஹவுஸ் திரையரங்கில் கூடியிருந்தோர் கண்ட காட்சி அதுவரை எவரும் கண்டிராதது. திரையில் மனிதர் இல்லை, மரமில்லை, வீடில்லை, கதையும் இல்லை. வட்டங்கள் விரிந்தன, கூர்முனைகள் பாய்ந்தன, அலைகள் எழுந்து அடங்கின. இதற்கென்றே மாக்ஸ் புட்டிங் இயற்றிய இசை உடன் ஒலித்தது. ‘ஒளி விளையாட்டு: ஓபஸ் 1’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தார் வால்டர் ருட்மன். முதல் உலகப் போரில் பணிபுரிந்து, உள்ளம் நொறுங்கித் திரும்பிய ஓவியர் அவர்.

கண்ணாடித் தகட்டில் எண்ணெய் வண்ணத்தால் ஓர் உருவைத் தீட்டுவார். மேலிருந்து கேமரா ஒரே ஒரு படம் எடுக்கும். ஈரம் உலருமுன் சிறிது துடைத்து, சிறிது கூட்டி, மீண்டும் ஒரு படம் எடுப்பார். நொடிக்குப் பதினாறு படம் என்று கொண்டாலும் பத்து நிமிடக் காட்சிக்கு 9,600 படங்கள் வேண்டும். இந்தப் பொறுமையை எண்ணும்போது, எழுத்தணிக் கலைஞர்கள் ஒரே எழுத்தை ஆயிரம் முறை எழுதிப் பழகிய கதை நம் நினைவுக்கு வருகிறது.

பள்ளிவாசல் சுவர்களில் உயிர் உருவமின்றிக் கொடியும் கோணமும் கொண்டே வளர்ந்த அழகை அறிந்த நமக்கு, உருவம் துறந்த கலை புதிதன்று. ஆனால் இவர்கள் உருவத்தைத் துறந்த காரணம் வேறு. சுவீடனில் பிறந்த விக்கிங் எகலிங்கும் பெர்லின் ஓவியர் ஹான்ஸ் ரிஹ்டரும் 1918இல் சூரிச் நகரில் சந்தித்தனர். நாடுகளுக்கும் மொழிகளுக்கும் அப்பாற்பட்ட பொதுமொழி ஒன்றைக் கோடுகளால் உண்டாக்கலாம் என்று நம்பி, 1920இல் அதுபற்றிச் சிறு வெளியீடு ஒன்றையும் எழுதினர். நீண்ட சுருள்களில் வடிவங்களை வரிசையாக வரைந்து பார்த்தவர்கள், அவை அசையவேண்டும் என விரும்பித் திரைப்படத்திடம் வந்து சேர்ந்தனர். எகலிங்கின் ‘மூலைவிட்ட சிம்பொனி’ ஏறத்தாழ ஏழு நிமிடப் படம். 1925 மே 3, ஞாயிறன்று பெர்லினில் ‘முழுமைத் திரைப்படம்’ என்னும் தனிக்காட்சியில் ருட்மன், ரிஹ்டர் ஆகியோரின் படங்களோடு அது காட்டப்பட்டது. மண்டபம் நிறைந்து வழிந்ததால் ஒரு வாரம் கழித்து மறுமுறையும் காட்டினர். முதற்காட்சிக்குப் பதினாறாம் நாள் எகலிங் காலமானார். அப்போது அவருக்கு வயது 44.

இந்தக் குழுவின் கைவண்ணம் ‘ஆயிரத்தோர் இரவுகள்’ கதையிலும் கலந்திருப்பதை நம் வாசகர்கள் அறியவேண்டும். லொட்டே ரைனிகர் என்னும் இளம்பெண், அட்டையும் மெல்லிய ஈயத் தகடும் கத்தரித்துப் பாவைகள் செய்து, அஹ்மது இளவரசரின் கதையை நிழலுருவப் படமாக்கினார். பறக்கும் குதிரை, பரி பானு, அலாவுத்தீன் அனைவரும் அதில் உண்டு. பணவீக்கத்தில் செல்வம் கரைந்துவிடும் என அஞ்சிய லூயிஸ் ஹாகன் என்ற வங்கியாளர், பணத்துக்குப் பதிலாகப் படம் பதியாத பிலிம் சுருள்களை வாங்கி வைத்திருந்தார்; அச்சுருள்களே இப்படத்துக்கு முதல் ஆயின. 1923 முதல் மூன்றாண்டுகள் போட்ஸ்டாம் நகரில் வேலை நடந்தது. வானமும் தீயும் மந்திரப் புகையும் ருட்மனின் ஆக்கம். அந்த 1923ஆம் ஆண்டின் துயரத்துக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்று அவர் ரைனிகரைக் கேட்டாராம். தொடர்பொன்றும் இல்லை, நான் இப்போது வாழ்கிறேன், இதைச் செய்ய விரும்புகிறேன் என்றாராம் அவர். மோசுலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராய் வாழ்ந்த இப்னு தானியால், 13ஆம் நூற்றாண்டிலேயே நிழற்கூத்துக்கு மூன்று நாடகங்கள் எழுதியவர். ஆதலால் அரபுக் கதை நிழலாகவே திரையேறியது பொருத்தம் என்போம். 1926இல் வெளிவந்த இப்படமே, இன்று எஞ்சியிருக்கும் இவ்வகை முழுநீளப் படங்களுள் மிகப் பழமையானது.

பொதுமொழிக் கனவு என்னவாயிற்று? 1922இலேயே ருட்மனின் கோடுகள் ஒரு டயர் விளம்பரத்துக்குப் பணியாற்றின. அது பிழைப்பு; அதைக் குறை கூறோம். 1927இல் ‘பெர்லின்: மாநகரின் சிம்பொனி’ அவருக்குப் பெரும்புகழ் தந்தது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அவர் நாட்டைவிட்டு வெளியேறவில்லை. 1940இல் ‘ஜெர்மன் டாங்கிகள்’ என்னும் படம் செய்தார். மறு ஆண்டு இறந்தார். எந்த நாட்டுக்கும் உரியதல்லாத தாளக்கட்டு, பீரங்கி வண்டிகளுக்கும் எளிதாகப் பொருந்திற்று. அவர் கலையில் குறையிருந்ததாக நாம் கருதவில்லை. யாருக்குத் தருகிறோம் என்று கேட்கும் பொறுப்பு கோடுகளுக்கு இல்லை, வரைபவருக்கு இருந்தது. ரிஹ்டர் யூத வழியினர். அவருடைய 1928ஆம் ஆண்டுப் படம் ஒன்றின் ஒலிப்பதிவுப் படிகளை நாஜிகள் அழித்தனர். அவர் அமெரிக்கா சென்று ஆசிரியரானார்.

ஆஸ்கார் ஃபிஷிங்கரின் வழி தனி. மெழுகுப் பாளத்தை மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொன்றையும் படமெடுக்கும் கருவியை அமைத்தவர் இவர்; ருட்மன் அதற்கு உரிமை பெற்றிருந்தார். நாஜிகள் இத்தகைய கலையைச் சீரழிந்தது என்று தூற்றிய நாளிலும் 1935இல் ‘நீலத்தில் ஓர் அமைப்பு’ என்னும் வண்ணப்படத்தை முடித்தார். 1936 பிப்ரவரியில் ஹாலிவுட் போய்ச் சேர்ந்தார். பெரிய நிறுவனங்கள் அவரை அழைத்தன. அவருடைய வடிவங்களை மாற்றவும் முனைந்தன. டிஸ்னியின் ‘ஃபான்டாசியா’வில் சில காலம் உழைத்து, மனம் ஒவ்வாமல் விலகினார். 1947இல் ‘இயக்க ஓவியம் 1’ என்னும் படத்துக்காக ஒளிபுகும் பலகையில் எண்ணெய் வண்ணத்தைத் தீட்டி, ஒவ்வொரு தூரிகைத் தீற்றலுக்கும் ஒரு படம் எடுத்தார். அதன்பின் 1967இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறக்கும் வரை பெரும்பாலும் ஓவியம் தீட்டியே காலம் கழித்தார்.