பள்ளிக்கும் பணிக்கும் இடையே: இளையோர் வேலைவாய்ப்பில் தமிழக உள்ளாட்சிகளின் பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

இளையோருக்கு வேலை தேடித் தருவது மாநில, ஒன்றிய அரசுகளின் வேலை என்றே நம் ஆட்சிமுறை கருதி வந்துள்ளது. பள்ளிப் படிப்பு முடிந்த நாளுக்கும் நிலையான முதல் வேலைக்கும் இடைப்பட்ட காலத்தில் ஓர் இளைஞரைப் பெயர் அறிந்து தொடரும் ஆற்றல் உள்ளாட்சிக்கே உண்டு என்றும், அதைச் சட்டப்பூர்வக் கடமையாக்க வேண்டும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

1. யாருடைய கணக்கிலும் இல்லாதவர்கள்

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை தமிழ்நாட்டு மாணவர் ஒவ்வொருவரையும் அரசு பெயர் சொல்லி அறியும். ‘எமிஸ்’ எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் அவருக்கென ஓர் எண் இருக்கிறது. கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ சேராமல் நின்றுவிட்டால் அந்த எண்ணுக்கு வேலை இல்லாமல் போகிறது. அதன்பின் அவராக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துகொண்டால் உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் அதுவும் இல்லை.

2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 29 வயதுக்குட்பட்ட உழைப்பாளர் படையில் 10.2 விழுக்காட்டினர் வேலையற்றவர்கள். சிக்கலின் எடையை இந்த எண் சொல்கிறது. ஆனால் மாதிரிக் கணக்கெடுப்பு எந்தத் தெருவில் யார் என்று காட்டாது. வேலை தேடுவதையே கைவிட்டவர்கள் இந்த விகிதத்துக்குள் வருவதும் இல்லை. தேடிச் சலித்து வீட்டோடு இருந்துவிட்ட பெண்ணும், எப்போதாவது கிடைக்கும் கூலியை நம்பி நாளைக் கடத்தும் இளைஞரும் திட்டங்களின் பார்வைக்கு எட்டாமல் போவது இப்படித்தான்.

இந்த இடைவெளியை மாநில அரசு உணராமல் இல்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் மேம்பாட்டுத் திட்டமும், உயர்கல்வியில் சேராதவர்களைத் தேடிச் செல்லும் ‘உயர்வுக்குப் படி’ முயற்சியும் அதற்குச் சான்று. விடுபட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்பதை அவை மெய்ப்பித்துள்ளன. ஆயினும் மாவட்ட நிர்வாகம் நடத்தும் முகாம் ஆண்டில் சில நாள் நடக்கும். ஓர் இளைஞர் வேலையில் காலூன்றவோ ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அந்தக் காலம் முழுவதும் உடனிருக்கும் அமைப்பு எது என்பதே கேள்வி.

2. சட்டம் தந்ததும் விட்டதும்

அரசமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களில் சிறுதொழில், குடிசைத் தொழில், வறுமை ஒழிப்பு ஆகியவற்றோடு தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும் இடம்பெற்றுள்ளன. 243ஜி பிரிவோ இவற்றை ஊராட்சிகளுக்கு வழங்குவதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பன்னிரண்டாம் அட்டவணையின் 18 பொருள்களில் தொழிற்பயிற்சி என்ற சொல்லே இல்லை. தொழிற்சாலைகளும் கடைகளும் மிகுந்த நகரங்களின் மன்றங்களுக்கு அதில் பெயரளவு உரிமைகூட இல்லாதது வியப்பளிக்கிறது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 தெருவிளக்கு, குடிநீர், சாலை, துப்புரவு ஆகியவற்றை ஊராட்சியின் கடமைகளாக வைத்தது. திறன் பயிற்சி மாநில அமைப்புகளின் வழியே நடக்கிறது. ஊராட்சி மன்றத் தலைவருக்கு அதில் கிடைக்கும் பங்கு, முகாமுக்கு ஆள் திரட்டுவதும் மேடையில் அமர்வதும்தான்.

கேரளம் வேறு வழியில் சென்றது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் கீழ் மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பங்கு உள்ளாட்சிகளுக்குப் போனது. 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ மகளிர் இயக்கத்தின் மூன்றடுக்கு அமைப்பு அண்டை வீட்டுக் குழுவிலிருந்து வார்டு வழியாக உள்ளாட்சி வரை உயர்கிறது. பயிற்சிக்கு வருபவரும் பயிற்சியைத் திட்டமிடும் மன்றமும் ஒரே ஊரில் இருப்பதால் கேள்வி கேட்பதும் விடை பெறுவதும் எளிதாகின்றன.

3. கைவசம் உள்ள இரு பதிவேடுகள்

வேலை தேடுவோரை அறிவது ஒரு பாதி. வேலை தருவோரை அறிவது மறுபாதி. இந்த இரண்டையும் அறியும் வாய்ப்பு தமிழக உள்ளாட்சிகளுக்கு இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

முதலாவது, ஆள் பட்டியல். 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஊராட்சிகள் குடும்பம் குடும்பமாக அட்டை வழங்கின. வருகையையும் ஊதியத்தையும் பதிந்தன. பெயர்வாரியாகப் பதிவு வைக்கும் பழக்கம் அவற்றுக்குப் புதிதல்ல. ஆனால் நூறு நாள் வேலைக்குப் பெரும்பாலும் பெண்களும் முதியோருமே வந்தார்கள். படித்த இளையோர் அந்த மண்வேலைக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கப்படவில்லை.

இரண்டாவது, தொழில் வரிப் பதிவேடு. தமிழ்நாட்டில் இவ்வரியை வசூலிப்பது உள்ளாட்சிகளே. நிறுவனங்கள் ஊழியர் ஊதியத்திலிருந்து பிடித்து, அரையாண்டுக்கு ஒருமுறை தம் எல்லைக்குட்பட்ட ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ செலுத்துகின்றன. ஆகவே எந்த நிறுவனத்தில் ஏறத்தாழ எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அந்த எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பது உள்ளாட்சியின் கோப்பிலேயே இருக்கிறது. ஒரகடத்திலோ ஓசூரிலோ தொழிற்சாலைகள் சூழ்ந்த உள்ளாட்சிகளுக்கு இது அரிய தகவல் வளம். இன்று அது வரி நிலுவை பார்க்க மட்டும் பயன்படுகிறது.

இளையோருக்கும் ஓர் ஆள் பட்டியல் தொடங்கி, அதை வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பல வழிகள் தெரியும். பழகுநர் சட்ட விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை ஏற்க வேண்டும். அத்தகைய நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதை வரிப் பதிவேடு காட்டும். எந்த இளைஞரை அனுப்பலாம் என்பதை ஆள் பட்டியல் சொல்லும்.

4. வெளியே கிடைக்கும் படிப்பினை

சுவீடன் நாட்டில் மேல்நிலைக் கல்வியில் சேராத, அல்லது முடிக்காமல் விலகிய, 20 வயது நிரம்பாத ஒவ்வொருவரைப் பற்றியும் ஆண்டு முழுவதும் அறிந்திருக்க வேண்டியது நகராட்சியின் சட்டக் கடமை. பதிவேடு வைப்பதும், தேடிச் சென்று தொடர்புகொள்வதும், ஏற்ற வழி காட்டுவதும் அதில் அடங்கும். பின்லாந்து 2025 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புப் பணிகளையே நகராட்சிகளிடம் ஒப்படைத்துவிட்டது. வேலையற்றோருக்கான உதவித்தொகைச் செலவில் நகராட்சிக்கும் பங்குண்டு. ஒருவரின் வேலையில்லாக் காலம் நீள நீள அந்தப் பங்கும் கூடும். அக்கறையை நல்லெண்ணத்துக்கு விடாமல் வரவு செலவிலேயே கட்டிவைத்த ஏற்பாடு இது.

அந்நாடுகளின் நகராட்சிகள் வருமான வரி விதிப்பவை. நம் ஊராட்சிகளோ மானியத்தை எதிர்நோக்குபவை. எனவே அமைப்பை அப்படியே எடுத்துவர இயலாது. கடமையைப் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைத்தல் என்ற கொள்கையை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அதிகப் பணம் தேவையில்லை.

5. மறுப்புகளும் விடையும்

ஊராட்சியால் வேலையை உண்டாக்க முடியாது என்பது முதல் மறுப்பு. உண்மைதான். முதலீடும் தொழிற்கொள்கையும் அதன் கையில் இல்லை. ஆனால் இருக்கும் வேலைக்கும் இருக்கும் இளைஞருக்கும் இடையே நிற்கும் தடைகளில் பல உள்ளூர்த் தடைகள். மாலைப் பணி முடிந்து இறங்கும் இளம்பெண்ணுக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு எரிகிறதா என்பது, அவர் அந்த வேலையில் நீடிப்பாரா என்பதை முடிவு செய்யக்கூடியது. தெருவிளக்கு ஊராட்சியின் கடமை. அதை வேலைவாய்ப்புக் கண்ணோட்டத்தில் பார்க்க நாம் இன்னும் பழகவில்லை.

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. ஒற்றை ஊராட்சிச் செயலரின் தலையில் மேலும் ஒரு பதிவேட்டை ஏற்றுவது நியாயமல்ல. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலர் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது. 388 ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்றியத்துக்கு ஒருவர் என இளையோர் பணித்துணை அலுவலரை அமர்த்தலாம். வீடு வீடாகச் செல்லும் பணியில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகள் துணைநிற்கலாம்.

மூன்றாவது மறுப்பே கனமானது. ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் இடத்தில், பட்டியல் போடும் அதிகாரம் ஆதிக்கச் சாதியின் கைக்குப் போகாதா? பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலாக இருந்தால் போகும். அதனால்தான் இது குறிப்பிட்ட வயதினர் அனைவரையும் உள்ளடக்கும் கடமையாக இருக்க வேண்டும். எல்லோர் பெயரும் இருக்க வேண்டிய பதிவேட்டில் ஒரு பெயர் இல்லாவிட்டால் அது குற்றமாகவே தெரியும். சலுகை மறுப்பாக மறைந்துவிடாது. பள்ளிக் கல்வித் துறையின் பட்டியலோடு ஒப்பிட்டால் விடுபட்டவர் யார் என்பது உடனே புலப்படும். பெயர்களைப் பொதுவில் படிக்காமல், வார்டுவாரி எண்ணிக்கையை மட்டும் கிராம சபையில் வைத்தால் தனிமனித மதிப்பும் காக்கப்படும்.

6. முடிவுரை

சட்டத்தில் மூன்று மாற்றங்கள் வேண்டும். ஒன்று, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்திலும் 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்திலும், பள்ளியை விட்டு வெளியேறிய 15 முதல் 24 வயதினர் குறித்த பதிவேட்டுக் கடமையைச் சேர்க்க வேண்டும். இரண்டு, தொழில் வரி வருவாயில் ஒரு பங்கை இப்பணிக்கென ஒதுக்க வேண்டும். ஊரில் வேலை பெருகினால் அந்த வருவாயும் பெருகும். மூன்று, எத்தனை பேர் வேலையிலோ பயிற்சியிலோ சேர்ந்தனர், ஓராண்டுக்குப் பின் எத்தனை பேர் நீடிக்கின்றனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் கிராம சபையிலும் நகரங்களில் பகுதி சபையிலும் வைக்க வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்நிபந்தனை ஒன்று உண்டு. 2016 அக்டோபருக்குப் பின் 2019 டிசம்பர் வரை ஊரகத்தின் பெரும்பகுதியிலும், 2022 பிப்ரவரி வரை நகர்ப்புறத்திலும் உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். 2016-இல் பள்ளியை முடித்த ஒருவர் வேலைக்காக அலைந்த முக்கியமான ஆண்டுகளில் அவர் ஊரில் கேள்வி கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லை. பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமானால் பொறுப்பேற்கும் மன்றம் இடைவிடாமல் இருக்க வேண்டும். உரிய காலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடத்துவதையும் இளையோர் வேலைவாய்ப்புக் கொள்கையின் ஒரு கூறாகவே அரசு கருத வேண்டும்.