துவாஸ் சங்கிலியும் தேக்கா சங்கிலியும்

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளில் பெரிய கப்பலின் நங்கூரச் சங்கிலிக் கண்ணி ஒன்றை ஓர் ஆளால் தூக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் துவாஸ் லிங்க்கில் ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, தேக்காவில் இறங்குகிறார்கள். சிராங்கூன் சாலை நகைக்கடையில் அவர்கள் உள்ளங்கையில் ஏந்தி எடை பார்ப்பதும் சங்கிலிதான். எட்டு கிராம், மிஞ்சினால் பத்து.

இன்று அந்தச் சங்கிலியைப் பெரும்பாலும் இயந்திரம் பின்னுகிறது. முன்பு அது பத்தர் வேலை.

தங்கத்தை உருக்கிக் கம்பியாக்கி, கம்பியச்சின் பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு மாற்றி மாற்றி இழுப்பார். இழுக்க இழுக்கக் கம்பி விறைக்கும். தணலில் காட்டி இளக்கி மறுபடி இழுக்க வேண்டும். பிறகு இரும்புக் குச்சியில் நெருக்கமாகச் சுற்றி, நீளவாக்கில் அறுத்தால் வளையங்கள் உதிரும். ஒன்றினுள் ஒன்றைக் கோத்து, வாயை மூடி, வெண்காரம் தடவி, துளிப் பற்றாசு வைத்து ஊதுகுழலில் ஊதுவார். பற்றாசு தங்கத்தைவிடச் சற்றே முந்தி உருகும். அந்தச் ‘சற்றே’ தவறினால் கண்ணியும் சேர்ந்து உருகிவிடும். நூற்றுக்கணக்கான கண்ணிகளுக்கும் இதே பாடு.

சிங்கப்பூரில் நகைத்தொழில் ஒரே இனத்தின் கையில் இருந்ததில்லை. இலங்கையிலிருந்து வந்த பி.பி. டி சில்வா 1872இல் இங்கே நகைக்கடை திறந்தார். பெரானாக்கன் வீட்டுப் பெண்களின் நகைகளைச் சீனர், சிங்களவர், இந்தியர் என மூவருமே செய்தார்கள்.

தமிழ்நாட்டுப் பத்தர்களுக்கு 1963 மறக்க முடியாத ஆண்டு. தங்கக் கட்டுப்பாடு வந்து, புது நகையை 14 காரட்டுக்கு மேல் செய்யக்கூடாது என்றது அரசு. பட்டறைகள் அணைந்தன. காரட் வரம்பு 1966இல் தளர்ந்தாலும், 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நீடித்தது. சிங்கப்பூரில் அந்தத் தடை இல்லை. ஊருக்குத் திரும்புகிறவர் கழுத்தில் 22 காரட் மின்னியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றால் மிகையில்லை.

முறுக்கிவிட்டாற்போல் நெளிந்து மின்னும் ஒரு மாடலுக்கு உலகச் சந்தையில் ‘சிங்கப்பூர் செயின்’ என்றே பெயர். ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது, அதையும் இயந்திரமே செய்கிறது.

ஆனாலும் சங்கிலி அளவுக்கு வளைந்து கொடுக்கும் நகை வேறில்லை. டாலர் கோத்தால் அலங்காரம். மஞ்சள் கயிற்றைப் பிரித்துத் தாலியைக் கோத்தால் அதுவே கொடி. முடை வந்தால் அடகுக்கடை. தாலி கோக்கவும், அறுந்த கண்ணியை ஒட்டவும், நீளம் கூட்டவும் இன்னும் கைதான் வேண்டும். பத்தருக்கு மிஞ்சியதும் அந்த வேலைதான்.

துவாஸ்காரரின் கணக்கு வேறு. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆண் தீர்வையின்றி 20 கிராம் நகை கொண்டுவரலாம், ஆனால் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்றன இந்தியாவின் 2016ஆம் ஆண்டு பயணச்சுமை விதிகள். 20 கிராம் என்பது இரண்டரைப் பவுன். 2024இல் சென்னையில் ஒரு பவுனே 50,000 ரூபாயைத் தாண்டிவிட்டது.