சிட்டா, அடங்கல், ஒரு பட்டன்

செஞ்சி என்றால் ராஜகிரியும் தேசிங்கு ராஜாவும்தான் நினைவுக்கு வரும். 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், பிறகு ஆற்காடு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. கோட்டை யார் கையிலோ, சுற்றியுள்ள வயல்களின் வரியும் அவர்களுக்கே. அந்த ஆட்சிகள் போய்விட்டன. தாலுகா, பிர்கா, ஜமாபந்தி, பசலி என்ற சொற்கள் மட்டும் இன்றும் தாலுகா ஆபீசில் புழங்குகின்றன.

ஒரே வயல் அங்கே மூன்று கணக்குகளில் இருக்கிறது. 'ஏ' பதிவேடு புல எண் வரிசையில் போகும்: இது என்ன நிலம், நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு? சிட்டா ஆளைப் பிடித்துப் போகும்: இவர் பெயரில் எந்தெந்த நிலம்? அடங்கல் பசலி ஆண்டுக்கு ஆண்டு எழுதப்படுவது: இந்த வருஷம் இதில் என்ன பயிர்?

இதைத்தான் நாங்கள் ஃபில்டர் என்கிறோம். 1992இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு பட்டனுக்குப் பின்னால் 'ஓபன்ஃபார்ம்' என்ற கட்டளையை எழுதி, கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தால் போதும். வாடிக்கையாளர் எண் 12 என்றால் அவருடைய பில்கள் மட்டும் திறக்கும். மற்றவை எங்கும் போகவில்லை, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். ஆனால் பட்டனை அழுத்தியவருக்கு அது தெரியுமா? காலியான படிவத்தைப் பார்த்தால், "ஒண்ணுமே இல்லையே" என்றுதான் நினைப்பார்.

நிலக் கணக்கில் இந்தக் குழப்பம் சோற்றுப் பிரச்சினை. குத்தகைக்கு உழுபவரைச் சிட்டாவில் தேடினால் கிடைக்க மாட்டார். அந்தக் கணக்கு கேட்கும் கேள்வியே வேறு. உழுபவரின் பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்ய தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. பயிர்க்கடன், காப்பீடு என்று போய் நிற்கும்போது எந்தக் கணக்கைத் திறக்கிறார்கள் என்பதில் அவருடைய ஒரு வருஷப் பாடு இருக்கிறது.

ஒருகாலத்தில் ஊர்க் கர்ணமே ஃபில்டர். எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எதை மூடிவைப்பது என்பது பரம்பரையாக அவர் கையில் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இப்போது இணையத்தில் மாவட்டம், தாலுகா, கிராமம், பட்டா எண் கொடுத்தால் யார் தயவும் இல்லாமல் சிட்டா வருகிறது. சின்ன விடுதலை இல்லை இது.

ஆனால் பட்டனிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. தாத்தாவின் பத்திரத்தில் தென் ஆற்காடு ஜில்லா என்றிருக்கும். 1993க்குப் பிறகு செஞ்சி விழுப்புரத்துக்குக் கீழே வரும். இது தெரியாத பேரன் முதல் பெட்டியிலேயே நின்றுவிடுவான். கர்ணமாக இருந்தால், மனசிருந்தால், "அது இங்க இல்லப்பா, அந்தக் கட்டுல பாரு" என்றிருப்பார்.

ஆக்சஸின் புதிய பதிப்புகள் படிவத்தின் அடியில் 'ஃபில்டர் செய்யப்பட்டது' என்று சின்னதாகக் காட்டும். எனக்குப் பிடித்த நேர்மை அது. இல்லாததும் காட்டப்படாததும் ஒன்றல்ல. நிலத்தைத் தேடி வருபவருக்கு அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.